கத்தரிக்கோல் தொடாத நாள்கள்

அக்கா எந்த அறைக்குள் நுழைந்தாலும் கோணலாக இருக்கும் ஒரு பொருளை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். சாய்ந்து தொங்கும் காலண்டர், மேசை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் செய்தித்தாள், வாசலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் செருப்பு, ஏதாவது ஒன்று. துணி வெட்டுகிற கை, கோணலைக் கண்டால் சும்மா இருக்காது என்பாள் அம்மா. தம்பி மட்டும் அதை எண்ணிக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றோ இரண்டோ என்றால் நல்ல நாள். ஐந்தாறு என்றால் அடுத்த வாரம் ஜாக்கிரதை. பக்கத்து வீட்டு வாசல் மிதியடி வரைக்கும் கை போய்விட்டால், வீட்டில் எல்லாரும் வரிந்துகட்டிக்கொண்டு தயாராக வேண்டியதுதான். காலண்டர் ஆணியிலிருந்து கழன்று தரையில் கிடக்க, அவள் அதைத் தாண்டிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் அது வேறு வகை நாள். அன்றைக்கு அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுவாள்.

டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொல்வதற்கு ஒன்பது வருஷம் முன்பே தம்பிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதெல்லாம் அடிக்கடி யோசிக்கிறான்.

அக்கா ஒரு சீருடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு நீளமான கூடம், பதினான்கு தையல் மெஷின், ஒரு அயர்ன் மேசை, மூலையில் முதலாளியம்மாவின் கண்ணாடித் தடுப்பு அறை. நடுவில் இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்ட நீளத்துக்கு அக்காவின் வெட்டு மேசை. ஓட்டல் சமையல்காரர்களின் முன்துணி, பள்ளிக்கூடச் சட்டை, ஆஸ்பத்திரிக் கோட்டு எல்லாம் அந்த மேசையில்தான் பிறக்கும். துணியை ஆறு அடுக்காக விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலால் ஒரே மூச்சில் வெட்டுவாள். அவள் வெட்டினால் கீழே விழுகிற துண்டு கைக்குட்டைக்குக்கூட உதவாது. அவ்வளவு சிக்கனம். தைக்கிற பெண்கள், “மாஸ்டரக்கா வெட்டுன கையை கண்ணை மூடிட்டு தைக்கலாம், தானா தோள்ல போய் உட்காரும்” என்பார்கள்.

பதினாறு வயதில் அந்த மாடிப்படி ஏறியவள். தம்பி அப்போது மூன்றாம் வகுப்பு. அவனைப் படிக்க வைத்தது அந்தக் கத்தரிக்கோல்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வருகிற மனுக்களைப் படித்துப் பதில் எழுதுவது வேலை. அக்காவின் கம்பெனியில் அவனுக்குப் பெயரே ‘பட்டதாரி’தான். அவன் தலை தெரிந்தாலே, “பட்டதாரி வந்தாச்சு, எல்லாரும் நேரா உட்காருங்க” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் காஜா அண்ணனுடையது. பொத்தான் துளைக்குக் காஜா என்று பெயர். இருபது வருஷமாகக் காஜா மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து மனிதருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கலாம்.

பட்டம் வாங்கியவன் வீட்டில் இருந்தால் எல்லாக் கடிதமும் அவன் தலையில்தான் விழும். மின்சார இணைப்புக்கு, ரேஷனுக்கு, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு, எல்லாவற்றுக்கும் அவன்தான். அந்த வரிசையில்தான் அக்காவின் லீவு லெட்டரும் சேர்ந்தது. அவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அக்கா மூன்று வாரம் கட்டிலை விட்டு எழவில்லை. என்ன என்று யாருக்கும் புரியவில்லை. அவன் வெள்ளைத்தாள் எடுத்து ‘மஞ்சள் காமாலை’ என்று எழுதினான். கையெழுத்து அழகாக இருந்தது. முதலாளியம்மா ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அக்கா மேலே போனாள். மேலே என்றால் வேறு எப்படிச் சொல்வது? தூக்கம் மூன்று மணி நேரம் போதும் என்றாள். பேச்சு மெஷின் வேகத்தில் ஓடியது. ஒரே நாளில் பதினான்கு மெஷினையும் இடம் மாற்றிப் போட்டாள். நியாயமாகப் பார்த்தால் வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. இன்றைக்கும் அவை அந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் மறுநாள், பொத்தான் வந்து சேர ஏன் தாமதம் என்று கேட்டு ஆரம்பித்த பேச்சு முற்றி, பொத்தான் டின்னைத் தூக்கி வீசிவிட்டாள். மூவாயிரம் பொத்தான். நாலு அளவு. கூடம் முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார்கள். ஒரு பொத்தான் அயர்ன் பெட்டிக்குள் போய் உருகி, ஒரு வாரம் நாறியது. அந்த முறை தம்பி எழுதினான்: ‘எங்கள் அத்தை காலமானதால் ஏற்பட்ட மனவருத்தத்தில்...’

அத்தை அப்போது வெளியூரில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷம் முன்பு ஒரு டாக்டர் கிடைத்தார். மூன்று முறை பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘பைபோலார்’ என்றார். தமிழில் இருதுருவ மனநோய் என்று தம்பி தேடிப் பிடித்து வந்து சொன்னபோது அக்கா, “துருவம்னா பனிக்கட்டி இருக்குமே, அதானே? அப்ப ரெண்டு பக்கமும் குளிர்தானா எனக்கு?” என்றாள். மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வாழ்க்கை ஒரு வரிசைக்கு வந்தது. மேடும் பள்ளமும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் மலை சிறுகுன்றாயிற்று, பாதாளம் பள்ளமாயிற்று. வெளியே மட்டும் சொல்லக் கூடாது என்று தம்பி சட்டம் போட்டான். “சொன்னா அடுத்த நாளே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. உனக்கு உலகம் தெரியாதுக்கா.”

உலகம் தெரிந்த அவன் லெட்டர் எழுதிக்கொண்டே இருந்தான்.

போன வருஷம் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நூற்று நாற்பத்து நாலு கோட்டு, பத்தே நாள். ஓவர்டைம். அக்காவின் தூக்கம் அரையாகச் சுருங்கியது. அவசரத்தில் மாத்திரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. ஒரு காலையில் கிளம்பும் முன் அவள் பதினொரு பொருளை நேராக்கினாள். தம்பி எண்ணினான். பதினொன்று! பதினொன்றாவது, அவன் சட்டைப் பையில் செருகியிருந்த பேனா. அன்றைக்கு அவனுக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டான்.

சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை விஷயம். பதினோரு மணிக்கு அக்காவுக்கு ஒரு யோசனை உதித்தது. நர்ஸ்கள் நாள் முழுக்கக் கை கழுவுகிறார்கள், முழுக்கைக் கோட்டு நனையாதா? எவன் இந்த அளவைக் கொடுத்தான்? யாரையும் கேட்காமல் முழங்கைக்குச் சற்றுக் கீழே கோடு போட்டு, தைத்து முடித்துக் காஜாவுக்குக் காத்திருந்த நாற்பத்தெட்டுக் கோட்டுக்கும் கையை முக்கால் நீளத்தில் வெட்டித் தள்ளினாள். காஜா அண்ணன் காஜா எடுக்க ஒரு கோட்டைக் கையிலெடுத்தார், தன் கையோடு வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது நர்ஸுக்கா, நர்ஸோட புள்ளைக்கா?”

வேறு நாளாக இருந்தால் அக்காதான் முதலில் சிரித்திருப்பாள். அன்றைக்கு வெடித்தாள். கால் மணி நேரம் நிற்காத வெடி. “ஓட்டை போட்டு பிழைக்கிற உங்களுக்கு வெட்டைப் பத்தி என்ன தெரியும்? இருபது வருஷமா அதே ஓட்டை! ஒரு ஓட்டையாவது புதுசா போட்டிருக்கீங்களா?” இதெல்லாம் சொல்லத் தக்கவை. மற்றதைக் கேட்ட பெண்கள் இன்றுவரை திருப்பிச் சொல்லவில்லை. காஜா அண்ணன் எழுந்தார். மெஷினை அணைத்தார். மூடித் துணியைப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். பாதி வேலையில் அவர் எழுந்துபோனதை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளியம்மா ஆட்டோ வைத்து அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தம்பிக்குப் போன் செய்தார்.

“தம்பி, அவங்க நல்லானதும் கூட்டிட்டு வாங்க. அந்த மேசையில அவங்க நிக்கறதா வேண்டாமான்னு அன்னைக்கு முடிவு பண்ணிக்கலாம். எழுதியும் கொண்டாங்க.”

“சரிங்கம்மா.”

“இன்னொன்னு. இந்தத் தடவை லெட்டர்ல யாரையும் சாகடிக்காதீங்க.”

போனை வைத்த பிறகும் அவன் காது சூடாகவே இருந்தது.

டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். மூன்றாவது வாரத்தில் அக்கா இறங்கி வந்தாள். வழக்கம்போல் வெட்கம்தான் முதலில் வந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, “காஜாண்ணனை ஓட்டைன்னு சொன்னேனாடா?” என்று கேட்டாள். “சொன்ன.” “எத்தனை தடவை?” “அங்க இருந்தவங்களுக்கும் கணக்கு விட்டுப்போச்சாம்.” அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று மாலை தம்பி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான். ‘கடுமையான விஷக்காய்ச்சலின் காரணமாக மூளையில் ஏற்பட்ட தற்காலிகக் குழப்பத்தில்...’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதி நீட்டினான். அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அல்ல, ஆனால் மெதுவாகப் படிப்பாள். கடைசி வரி வரை போனாள்.

“நல்லா இருக்கு. இது யாரு கதை?”

“உன்னோடதுதான்.”

“எனக்கு எப்படா காய்ச்சல் வந்துச்சு?”

“அக்கா, வேலை போயிடும். புரிஞ்சுக்கோ.”

“போனா போகட்டும்னு நான் சொல்லலை. எனக்கு அந்த மேசை வேணும். ஆனா காய்ச்சல்காரிக்கு மன்னிப்பு கிடைச்சா, அடுத்த தடவை மறுபடியும் காய்ச்சல் வரணும். எத்தனை காய்ச்சலை நீ வெச்சிருக்க? அத்தையும் பாவம், எத்தனை தடவைதான் போவா?”

“அப்ப நோய்னு எழுதச் சொல்றியா?”

“எழுது. ஆனா வெட்டுனது நோய்னு எழுதாத. வெட்டுனது நான். கத்துனதும் நான்.”

“ரெண்டையும் எப்படிக்கா ஒரே லெட்டர்ல எழுதறது?”

“நீதானே பட்டதாரி.”

அவனுக்குச் சுருக்கென்றது. தினமும் இருபது மனுவுக்குப் பதில் எழுதுகிறவன், ‘உண்மை விவரம் மறைக்கப்பட்டதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை எழுதுகிறவன். இத்தனை காலம் யாரைக் காப்பாற்றினான்? அவன் அலுவலகத்தில், அக்கா துணி வெட்டுகிறாள் என்பதையே நாலு பேருக்குச் சொன்னதில்லை. ‘ஆடைத் துறை’ என்றுதான் சொல்லியிருந்தான். பயம் அவளுக்காக மட்டும்தானா? தாளைத் திருப்பிப் போட்டான்.

“சொல்லு, எழுதறேன்.”

அவள் சொன்னாள், அவன் எழுதினான். எனக்கு இருதுருவ மனநோய் என்கிற நோய் இருக்கிறது. ஐந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஓவர்டைம் நாள்களில் சரியாகச் சாப்பிடவில்லை, சரியாகத் தூங்கவில்லை, அது என் தப்பு. நாற்பத்தெட்டுக் கோட்டின் கையை நான்தான் வெட்டினேன். அதற்குத் துணி சேர்த்து ஒட்டுக்கை வைத்து நானே சரிசெய்து தருகிறேன். இதற்குமேல் எனக்கு ஓவர்டைம் வேண்டாம். தூக்கம் குறைந்து பேச்சு அதிகமாகும் நாளில் நான் சாக்பீஸ் மட்டும் எடுக்கிறேன், கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். சாக்பீஸ் கோடு தப்பானால் தட்டினால் போய்விடும்.

கடைசி வாக்கியத்தைத் திருத்தலாமா என்று அவன் பேனா தயங்கியது. திருத்தவில்லை.

மறுநாள் கண்ணாடித் தடுப்பு அறை. முதலாளியம்மா மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டு லெட்டரைப் படித்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் போட்டார். தம்பியின் கையெழுத்து வரிசையாக வந்து விழுந்தது. மஞ்சள் காமாலை ஒன்று, டைஃபாய்டு ஒன்று, வயிற்றுப்போக்கு இரண்டு.

“இது உங்க அத்தை. இதுவும் உங்க அத்தை. இதுவும் அத்தைதான். மூணு தடவை போயிருக்காங்க.”

தம்பி தரையைப் பார்த்தான். தரையில் ஒரு பச்சை நூல் கிடந்தது.

“ரெண்டாவது தடவை போயி ஒரு மாசத்துல அவங்க இங்க வந்தாங்க, தெரியுமா? ‘நான் மாஸ்டரோட அத்தை’ன்னு சொல்லி நைட்டிக்கு அளவு குடுத்தாங்க. நான் அளவெடுத்துக்கிட்டே, உடம்பு பரவாயில்லையான்னு கேட்டேன். ‘எனக்கென்ன, நல்லா கல்லு மாதிரி இருக்கேன்’னாங்க.”

அக்காவுக்கு முதலில் ஒரு செருமல் வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. முதலாளியம்மாவுக்கும் அடங்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி மட்டும் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் நின்றான். சிரிப்பு அடங்கியதும் முதலாளியம்மாவின் குரல் மாறியது.

“பொய்யின்னு தெரியும். நிஜம் என்னன்னுதான் தெரியலை. மாசக்கணக்கா நல்லா இருக்கற ஆளு திடீர்னு மூணு வாரம் காணாம போனா நான் என்ன நினைப்பேன்? எதிர்க் கம்பெனிக்கு ரகசியமா வெட்டப் போறாங்கன்னு நினைச்சேன். அதனாலதான் கூடத்துக்கு மேற்பார்வை வேலையை உங்களுக்குத் தரலை. ரெண்டு தடவை வந்துச்சு அந்த இடம். ரெண்டு தடவையும் வெளியாளைப் போட்டேன்.”

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“சரி, அது போகட்டும்,” என்றாள் அக்கா. “இப்ப சொல்லுங்கம்மா.”

“இப்பவும் பயமாத்தான் இருக்கு. பதினாலு மெஷின், பதினாலு வீடு. சாக்பீஸ் நாளு, கத்திரி நாளுன்னு எழுதியிருக்கீங்க. அதை யாரு சொல்றது? நீங்களா?”

“நான் சொல்லக் கூடாதும்மா. மேல போற அன்னைக்குத்தான் நான் ரொம்ப நல்லா இருக்கேன்னு தோணும். அதுதான் அதுல வம்பு.”

“பின்ன?”

வெளியே காஜா மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வாயைத் திறந்தான். “நான் தினமும் காலையில போன் பண்ணி சொல்றேன்” என்று நாக்கு நுனி வரை வந்தது. பதினொன்றாவது பொருளை எண்ணிவிட்டுப் பஸ் ஏறியவன் அவன்தான் என்பது நினைவுக்கு வந்து, வாய் மூடிக்கொண்டது.

வெளியே மெஷின் நின்றது. கதவருகே காஜா அண்ணன். கழுத்தில் அளவு நாடா, காதிடுக்கில் பென்சில்.

“கண்ணாடித் தடுப்புன்னு பேரு, ஒரு வார்த்தை விடாம கேக்குது,” என்றார். “நான் சொல்றேன். இவ படியேறி வர சத்தத்துலயே எனக்குத் தெரியும். ரெண்டு ரெண்டு படியா தாவினா அன்னைக்கு ஏதோ இருக்கு. எனக்குக் காரணம்தான் தெரியாது, இத்தனை நாளா.”

அக்கா எழுந்தாள். “அண்ணே, அன்னைக்கு...”

“ஏம்மா, பேசாத. நீ பேசுனா நீளமா பேசுவ, கோட்டுக் கையாட்டம் பாதியில வெட்டவும் மாட்ட.” அவர் முதலாளியம்மா பக்கம் திரும்பினார். “காலையில இவ கையில சாக்பீஸை வெச்சேன்னா அன்னைக்கு சாக்பீஸ் நாளு. கத்திரியை நான் எடுத்துக்கறேன். இவ போட்ட கோட்டு மேலயே நான் வெட்டிடறேன். நானும் ஒரு காலத்துல வெட்டுனவன்தான், மறந்துடலை. ஆனா ஒரு நிபந்தனை. வெச்ச சாக்பீஸை வாங்கிக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

முதலாளியம்மா மூன்று மாதம் தவணை கொடுத்தார். நடந்தால் மேசை அவளுக்கு. இல்லையென்றால் வேறு மாஸ்டர்.

நாற்பத்தெட்டுக் கோட்டின் தொண்ணூற்றாறு கைகளுக்கும் ஒட்டுக்கை வைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தம்பியும் போனான். தையல் பிரிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். முதல் கோட்டிலேயே நூலோடு துணியையும் பிரித்துவிட்டான். “பட்டதாரிகிட்ட குடுத்தா கோட்டு கைக்குட்டையாகிடும்,” என்று காஜா அண்ணன் அவனை டீ வாங்க அனுப்பினார். அந்த மூன்று ஞாயிறும் டீ வாங்கியதுதான் அவன் செய்த உருப்படியான வேலை. கோட்டுகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது மாதக் கடைசி வரை சாக்பீஸுக்கு வேலை வரவில்லை. அக்கா நேரத்துக்குத் தூங்கினாள், மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். அப்புறம் மேல்வீட்டில் இரவெல்லாம் குழாய் உடைந்து ரகளை. மூன்று நாள் யாருக்கும் சரியான தூக்கமில்லை. நாலாம் நாள் காலை அவள் மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கிளம்பும் முன் எட்டுப் பொருள். தம்பி அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு டப்பாவோடு மாடிப்படி ஏறினான்.

கூடத்து வாசலில் கால் நின்றுவிட்டது. மெஷின்கள் எல்லாம் அமைதி. வெட்டு மேசைக்கு ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் காஜா அண்ணன். அவருடைய உள்ளங்கையில் ஒரு சாக்பீஸ்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்!”

“இரு.”

“தூங்கலை, அவ்வளவுதான். மூணு நாள் நீங்க தூங்காம இருந்து பாருங்க, நீங்களும் தாவித்தான் ஏறுவீங்க!”

“எனக்கு முட்டி வலி. தாவ முடியாது. பிடி.”

“இன்னைக்கு ஸ்கூல் சட்டை, நூத்தி இருபது. கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டுவேன்.”

“அதான் பயம்.”

அக்கா சாக்பீஸைப் பிடுங்கினாள், தரையில் அடித்தாள். நாலு துண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு தம்பியின் காலடிக்கு வந்தது. பதினான்கு பெண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். அது திறந்தது. தம்பி கண்ணைத் திருப்பினான். மூன்று மாதம், மேசை, மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நிற்கிற முதலாளியம்மா.

வாய் மூடிக்கொண்டது. அக்கா அவனைக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய் மொட்டைமாடிப் படியேறினாள்.

அவன் பின்னால் போகப் போனான். “விடுங்க தம்பி,” என்றார் காஜா அண்ணன். “அவளாத்தான் வரணும்.”

தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். முதலில் தடதடவென்று. காஜா அண்ணன் மெஷினுக்குப் போய்ப் பொத்தான்களைப் பிரித்து வைப்பது போல் பாவனை செய்தார். எல்லா அளவையும் ஒரே டப்பாவில்தான் போட்டார். நடை மெல்ல மெல்லத் தணிந்தது. பத்து நிமிஷம், பதினைந்து. அப்புறம் படியில் இறங்குகிற சத்தம். ஒவ்வொரு படியாக.

அக்கா மேசைக்கு வந்து தன் இழுப்பறையிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்தாள். துணியை நீவி விட்டாள்.

“அண்ணே, காலர் கோட்டை உள்பக்கமா வெட்டுங்க. உங்க கை வெளிய போகும்.”

“ஏம்மா, வெட்ட ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள குறையா?”

கூடம் சிரித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. தம்பி மாத்திரையை நீட்டினான். தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினாள். சாயங்காலமே டாக்டரைப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். “இப்பவே போன் பண்ணி சொல்லிடு. நாளைக்கு காலையில எனக்கு வேற யோசனை வந்துடும்.” மறுநாள் அலுவலகத்தில் லீவு படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் அவன், ‘அக்காவை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்’ என்று எழுதினான். மேலாளர் படித்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த தாளை எடுத்தார். இத்தனை வருஷப் பயம் இரண்டு நொடியில் முடிந்துபோனதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் முடிந்ததை யாரும் அறிவிக்கவில்லை. முதலாளியம்மா அடுத்த ஆர்டரின் அளவுத் தாளை வெட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். மேற்பார்வை வேலை இன்னும் வெளியாளிடம்தான் இருக்கிறது. அதைப் பற்றி அக்கா கேட்டதில்லை. தம்பிக்குத்தான் அது ஆறவில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு நெடிய பள்ளத்துக்கு அவன் எழுதிய லீவு லெட்டர் இரண்டே வரி. அதில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் முடியாமல் நிற்கிறது. சாக்பீஸ் நாளில் காஜா அண்ணன் அரைநாள் வெட்டு மேசையில் நிற்கிறார். அந்த அரைநாள் காஜா வேலை அப்படியே குவிந்துபோகிறது. அவர் சாயங்காலம் உட்கார்ந்து அதை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். முதல் சாக்பீஸ் நாளுக்கு மறுவாரமே அக்கா சொல்லிவிட்டாள்: நீங்க எனக்காக நின்ன ஒவ்வொரு அரைநாளுக்கும் நான் உங்க மெஷின்ல உட்கார்றேன், நீங்க மதியமே வீட்டுக்குக் கிளம்புங்க. அதற்காகக் காஜா எடுக்கப் பழகினாள். வீணான துணியில் நூறு துளை போட்டு, காஜா அண்ணனிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஓட்டை போடறது அவ்வளவு சுலபம் இல்லைன்னு இப்ப தெரியுதா?” என்றார். தெரியுது என்றாள்.

இன்றுவரை அவர் ஒரு மதியமும் கிளம்பவில்லை. மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் போனார். அரைநாள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன.

போன வாரம் தம்பி கம்பெனிக்குப் போனபோது அக்கா காஜா மெஷினுக்கு எண்ணெய் போட்டு, ஸ்டூலைத் தன் உயரத்துக்கு இழுத்து உட்கார்ந்தேவிட்டிருந்தாள். காஜா அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

“எந்திரி.”

“ஒரே ஒரு அரைநாள் அண்ணே. கழிச்சுக்கோங்க.”

“இன்னைக்கு வேண்டாம்.”

“பின்ன என்னைக்கு?”

“எந்திரிம்மா, நூத்தி இருபது சட்டை கிடக்கு. பட்டதாரி, உங்க அக்காவை எழுப்புங்க.”

அக்கா எழுந்தாள். அவர் ஸ்டூலைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு மெஷினை ஓட்டத் தொடங்கினார்.